ஏட்டு வெள்ளரி லயத்துக்கு உதவாது

வீட்டில் வெள்ளரி வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளுக்குத் தமிழில் இன்று பஞ்சமில்லை. ஞாயிறு இதழ்களின் மகளிர் பக்கங்களில் அவை வருகின்றன. திணைக்களங்களின் துண்டுப்பிரசுரங்களில் வருகின்றன. காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் வருகின்றன. ரொறன்ரோவில் பின்வளவும், சென்னையில் மொட்டைமாடியும், யாழ்ப்பாணத்தில் வேலியடைத்த வளவும் வைத்திருப்போருக்கு அவை பயனுள்ளவை. அவற்றோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. ஆனால் அதே பாடத்தை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களிடம் கொண்டுசென்று, "போசாக்குக் குறைவா? விலைவாசி ஏற்றமா? வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்" என்று உபதேசிக்கும்போது கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டுத்தோட்டம் என்ற சொல்லில் வீடும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. மலையகத் தொழிலாளி வாழ்வதும் தோட்டத்தில்தான். ஆனால் அந்தத் தோட்டம் அரசிடம் குத்தகைக்கு எடுத்த கம்பனியின் கையில் இருக்கிறது. வாழும் லயக்காம்பராவும் அந்தத் தோட்டத்துக்கே சொந்தம். இரண்டில் ஒன்றேனும் தனக்கென இல்லாத ஒரு குடும்பத்திடம் வீட்டுத்தோட்டம் போடச் சொல்வது, சொல்பவருக்கு மிக எளிது. சம்பளம், காணி, போசாக்கு ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள், அந்தப் பொறுப்பைப் பசித்தவனின் முதுகிலேயே ஏற்றிவிட்டுப் போவதற்கு இது வசதியான வழி.

வாதத்தை வெறும் கோபத்தில் நிறுத்த விரும்பவில்லை. வெள்ளரி வளர்ப்பின் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். முதன்முதலாக வளர்க்கும் ஒருவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை ஒழுங்காகச் சொல்வோம். ஒவ்வொரு படியிலும் ஒரு லயத்துக் குடும்பம் எங்கே தடுக்கப்படுகிறது என்பது தானாகத் தெரியும்.

முதற்படி, இடம். வெள்ளரி வெயிலை நாடும் கொடி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். படர்வதற்குப் பந்தலோ சார்த்துக்கம்போ வேண்டும். நிலமில்லாதவர் பழைய உரப்பையில் மண் நிரப்பியும் வளர்க்கலாம். பதினைந்து, இருபது லீற்றர் மண் கொள்ளும் பையில் ஒன்றிரண்டு கொடிகள் வளரும். கவ்வாத்து வெட்டிய மிலாறு நல்ல சார்த்துக்கம்பாகும். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தப் பையை எங்கே வைப்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் கட்டிய காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. பின்வாசல் என்பதே கிடையாது. ஸ்தோப்புக்கும் கானுக்கும் இடையிலுள்ள ஒற்றையடி மண்ணில்தான் விறகு அடுக்க வேண்டும், துணி உலர்த்த வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும். வெள்ளரியும் அங்கேயே ஏற வேண்டுமாம்.

பல தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போட இடம் விடும் வழக்கம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் வழக்கம் வேறு, உரிமை வேறு. இன்றைய துரை விட்ட இடத்தை நாளைய துரை மீண்டும் தேயிலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளியிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது. 2023 ஆகஸ்டில் மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் எழுப்பியிருந்த தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்துத் தள்ளியது நாடெங்கும் செய்தியாயிற்று. குடியிருந்த கூரைக்கே அந்தக் கதியென்றால் கொடிக்குப் போட்ட பந்தலுக்கு என்ன உத்தரவாதம்?

இரண்டாம் படி, மண். துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்று இங்கே இருக்கிறது. தேயிலை புளிப்பு மண்ணில் செழிக்கும் பயிர், பி.எச். அளவு நாலரை முதல் ஐந்தரை வரை இருந்தால் அதற்குத் திருப்தி. வெள்ளரிக்கு ஆறு முதல் ஏழு வரை வேண்டும். தேயிலை மலையிலிருந்து அள்ளிய மண்ணில் அப்படியே விதை போட்டால் கொடி வெளிறி நிற்கும். பழி விதையின் மேல் விழும். அந்த மண்ணுக்குச் சிறிது டொலமைற்றோ அடுப்புச் சாம்பலோ கலந்து, மக்கிய சாணமும் கூட்டெருவும் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட வேண்டும். பிறகு விதையை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றலாம்.

தேயிலைச் செடிக்கு எந்த மண் பொருந்தும், எந்த உரம் பொருந்தும் என்று ஆராய 1925-இலேயே ஒரு நிலையம் தோன்றியது. தலவாக்கலையில் அது இன்றும் இயங்குகிறது. மரக்கறிக்கும் கிழங்குக்கும் நுவரெலியா சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அறிவு லயத்துக்கு இறங்கி வருவதில்தான் குறை. கிராமத்து விவசாயிக்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், கமநல சேவை நிலையம் இருக்கிறது. காணியில்லாதவன் எந்தப் பதிவேட்டில் விவசாயி ஆவான்?

மூன்றாம் படி, நீர். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீர். காய் பருக்கும் காலத்தில் மண் காயவே கூடாது. நீர் தவறினால் காய் வளைந்து கசக்கும். மலையகத்தில் மழைக்கா குறை என்று கேட்கலாம். வட்டவளையில் ஆண்டுக்குச் சுமார் 5000 மில்லிமீற்றர் மழை கொட்டுகிறது. ஆனால் வெள்ளரிக்கு உகந்த வெயில் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பீலியில் நீர் சிறுக்கும் காலமும் அதுவே. பல லயங்களுக்கு இன்றும் ஒரு பொதுப்பீலி, ஒரு பொதுக்குழாய். அங்கே வரிசையில் நின்று, குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் சுமந்து வருவது பெரும்பாலும் பெண். அவளுடைய தலையில் இன்னும் இரண்டு வாளி ஏற்றிவிட்டு அதற்குப் போசாக்குத் திட்டம் என்று பெயர் சூட்டுகிறோம்.

நான்காம் படி, காலநிலை. ஹட்டன் சுமார் 1270 மீற்றர் உயரம்; நுவரெலியா 1868 மீற்றர். வெள்ளரி விதை முளைக்க 20 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் நல்லது. 15 பாகைக்குக் கீழே அது மண்ணுக்குள் உறங்கும், அல்லது அழுகும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகையை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் சில நாட்கள் உறைபனியும் விழும். ஆகவே அங்கே திறந்த வெளியில் வெள்ளரி போடுவது சூதாட்டம். பொலித்தீன் கூடாரத்துள் வளர்த்து உல்லாச விடுதிகளுக்கு அனுப்புவோர் இருக்கிறார்கள். அது முதல் உள்ளவரின் தொழில். ஹட்டன், நோர்வூட் பக்கத்தில் பருவம் பார்த்தால் திறந்த வெளியிலும் வரும். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் இலைகளில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் பரவும். தாழ்நிலத்துக்கு எழுதிய பாடத்தை எழுத்து மாறாமல் மலையேற்றுகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள், அல்லது பொருட்படுத்தாதவர்கள்.

ஐந்தாம் படி, நேரம். வெள்ளரிக் கொடியில் முதலில் ஆண் பூக்களே வரும். பூ உதிர்கிறதே என்று புதியவர்கள் கலங்குவார்கள்; கலங்க வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் அடியில் பிஞ்சைச் சுமந்த பெண் பூக்கள் வரும். தேனீ வந்தால் அது மகரந்தத்தைச் சேர்க்கும். மூடுபனியிலும் தூறலிலும் தேனீ பறக்காது. அப்போது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் மனிதக் கையே தொட்டுவிட வேண்டும். அதைச் செய்ய உகந்த நேரம் காலை. அந்தக் காலையில் கொழுந்துக்காரி எங்கே இருக்கிறாள்? பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறியிருக்கிறாள். 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து கேட்கும் தோட்டத்தில், நிறை குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடும் அச்சத்தோடு நிற்கிறாள்.

இங்கே 2022-ஐ நினைவூட்டியாக வேண்டும். நாடு பொருளாதாரத்தில் சரிந்து கிடந்த அந்த ஜூன் மாதத்தில், உணவுப் பஞ்சம் வரலாம் என்று அஞ்சிய அரசு, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாத காலத்துக்கு விடுமுறை அளிக்க முடிவெடுத்தது. சம்பளம் குறையாத விடுமுறை. வளவும் கிணறும் உள்ள எழுதுவினைஞருக்கு மண்ணைக் கொத்த ஒரு நாள் கிடைத்தது. தேயிலை மலையில் நிற்கும் தொழிலாளிக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. மலைக்குப் போகாத நாளுக்கு அவளுக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. பயிரிடுங்கள் என்று ஊருக்கே சொன்ன அரசுக்கு, பயிரிட நேரமும் தேவை என்பது தெரிந்தே இருந்தது. யாருக்கு அதைக் கொடுப்பது என்பதில்தான் பேதம்.

அதற்கு ஓராண்டு முன்னால் நடந்ததும் மறக்கத்தக்கதன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது மீளப் பெறப்பட்டது. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தபோது வேலை நாளும் குறைந்தது. லயத்து மரக்கறிப் பாத்திக்கும் உரம் கிடைக்கவில்லை. விவசாயத்தில் அனுபவமில்லாத தொடக்கநிலையாளர் யார் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் எழுந்தது. நுவரெலியாவின் கரட்டையும் லீக்சையும் உருளைக்கிழங்கையும் மண்ணிலிருந்து எடுக்கும் கைகளில் மலையகத் தமிழர் கைகள் எத்தனை! அவர்களுக்கு விதை போடக் கற்றுக்கொடுக்கும் தகுதி கொழும்பு மேசைகளுக்கு உண்டா?

சரி, எல்லாத் தடையையும் கடந்து வெள்ளரி காய்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விதை போட்டு ஐம்பது, அறுபது நாளில் பிஞ்சு பறிக்கலாம். குளிர்ந்த இடத்தில் இன்னும் சில நாள் கூடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தால் கொடி தொடர்ந்து காய்க்கும். நூறு கிராம் வெள்ளரியில் சுமார் 15 கலோரி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நல்லது, சோறு ஆகாது. 2016-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர்; தோட்டப்புறத்தில் முப்பத்திரண்டு பேர். ஏறத்தாழ இரு மடங்கு. வெள்ளரிப் பந்தலைக் காட்டி இந்தக் கணக்கை மறைக்க முடியாது. அதற்கு முட்டையும் பாலும் பருப்பும் வேண்டும். அவற்றை வாங்கச் சம்பளம் வேண்டும். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே பல ஆண்டுகள் போராடி, 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை மூலம் அதைப் பெற்றார்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1750 ரூபாவை அறிவித்தது. ஒவ்வொரு உயர்வும் கிடைப்பதற்குள் விலைவாசி முன்னால் ஓடிவிடுகிறது. வீட்டுத்தோட்டம் சம்பளத்தோடு சேர்ந்து வரவேண்டிய ஒன்று. சம்பளத்துக்குப் பதிலாக நீட்டப்படும்போது அது ஏமாற்று.

இனிக் காணிக்கு வருவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது 19 ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச் வீதம் 3040 பேர்ச். தேயிலை வளர்ப்பில் அவரும் அன்று தொடக்கநிலையாளர்தான். அவருடைய சோதனைக்கு மூவாயிரம் பேர்ச். அந்தச் சோதனையை நாட்டின் செல்வமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஏழு பேர்ச். அதுவும் எல்லோருக்குமல்ல, தனிவீடு கிடைத்த அதிர்ஷ்டசாலிகளுக்கு.

ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். இந்திய உதவியில் எழுந்த 550 சதுர அடி வீட்டையும், படிக்கட்டையும், மலைச்சரிவில் மண்ணைத் தாங்கும் அணையையும் கழித்துப் பாருங்கள். இங்கிலாந்திலே 1908-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, காணியற்ற மக்கள் மரக்கறி பயிரிடக் கேட்டால் உள்ளூராட்சிச் சபைகள் நிலம் ஒதுக்க வேண்டும் என்று கடமை விதித்தது. அங்கே ஒரு குடும்பத்துக்கான வழமையான துண்டின் அளவு பத்து ராட். ராட் என்றாலும் பேர்ச் என்றாலும் அளவு ஒன்றே. அதாவது, இலண்டன் தொழிலாளிக்கு வீடு நீங்கலாக, கோவாவும் வெள்ளரியும் போடுவதற்கு மட்டும் பத்து பேர்ச். அதே காலத்தில் அதே ஆட்சியின் கீழ், அவர்களுடைய கோப்பைக்குத் தேயிலை அனுப்பியவனுக்கு ஒரு காம்பரா. நம்மவர்களில் இலண்டனில் அத்தகைய துண்டு நிலத்தைப் பெற்றுக் கீரையும் பூசணியும் வளர்ப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் போன பிறகும் கணக்கு நேராகவில்லை. 1935-இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிராமத்தவருக்கு அரச காணி பகிரப்பட்டபோது தோட்டத் தமிழர் வெளியே நின்றனர். 1948-இல் குடியுரிமையே பறிபோயிற்று. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் கைமாறின. தொழிலாளிக்கு ஒரு பாத்தியும் வரவில்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கரைத் துண்டாடும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1977 மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு லட்சுமணன் பலியானார். மலையகத்தில் மண் பற்றிய பேச்சுக்கு இரத்தத்தின் வரலாறு உண்டு. அந்த மக்களிடம் போய் மண்ணின் அருமையைப் போதிப்பவர்கள் சற்று அடக்கத்தோடு பேசுவது நல்லது.

மறுதரப்பு சொல்வதையும் கேட்போம். சரிவில் மரக்கறி போட்டால் மண் அரிக்கும், மண்சரிவு வரும் என்கிறார்கள். உண்மையான கவலைதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது சரிந்த மண்ணின் கீழ் லயங்களும் புதைந்தன. ஆனால் அதிலிருந்து பெறவேண்டிய முடிவு எது? பாதுகாப்பான, சரிவு குறைந்த காணியை மக்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே. தேயிலைக்கு நல்ல நிலம், மனிதருக்கு மிச்ச நிலம் என்ற பழைய பங்கீட்டை அந்தப் புயலுக்குப் பிறகும் தொடர்வதற்கு நியாயமில்லை. சொந்தக் காணியென்று ஆனால் கல்லணை கட்டுவான், கான் வெட்டுவான், வேலியோரம் மரம் நடுவான். நாளை பறிபோகக்கூடிய மண்ணுக்கு யார் அணை கட்டுவார்?

காணி கொடுத்தால் தொழிலாளி மலைக்கு வரமாட்டான் என்பது இன்னொரு வாதம். பலர் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் வாதம். வேறு போக்கிடம் இல்லாததால்தான் அவன் வருகிறான் என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது. காணி இல்லாத இன்றைக்கே இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவேளை சொந்த வீடும் நாலு பாத்தியும் இருந்தால் சிலராவது மலையில் தங்கக்கூடும்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் சபை நிதி செல்ல வழி பிறந்தது. 2023 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் காணி உரிமைக்கென 400 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. பத்து பேர்ச் என்ற பேச்சும் எழுந்தது. மகிழ்ச்சி. ஆனால் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023-இல் கொண்டாடிய நாட்டில், அறிவிப்புகள் லயத்தின் வாசற்படியை அடையும் வேகம் எல்லோரும் அறிந்ததே.

ஆகவே மலையகத்தில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச விரும்பும் அமைச்சுகளும் தொண்டு நிறுவனங்களும் கம்பனிகளும் விதைப் பொட்டலத்தோடு வரட்டும். கூடவே நான்கைக் கொண்டுவரட்டும். வீட்டுக்குப் பத்து பேர்ச்சாவது காணி, உறுதிப் பத்திரத்தோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும். அந்த வாசலுக்கு ஒரு குழாய். மாதத்தில் இரண்டு அரைநாள், பேர் குறையாமல். உயரமும் மண்ணும் அறிந்து தமிழில் பேசும் ஒரு விவசாயப் போதனாசிரியர். இந்த நான்கும் வந்துவிட்டால் வெள்ளரி வளர்க்க யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வராத வரையில் துண்டுப்பிரசுரம் அச்சிடும் செலவை மிச்சப்படுத்தலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னார்கள். வெள்ளரியும் சுரைக்காயின் குடும்பம்தான்.